டிரக்கைத் தூக்குகிறவர்களுக்கு: முன்சக்கரப் பக்கம் எதை முதலில் வாங்குவது

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் ஏறும் ஐ-17 நெடுஞ்சாலையில் என் 2012 டொயோட்டா டாகோமா பிக்கப் லேனுக்கு நடுவே நிற்க மறுத்தது. இடப்பக்கம் போகிறதே என்று லேசாகத் திருப்பினால் வலப்பக்கம் ஓடும். அதைப் பிடித்தால் மறுபடி இடது. சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கியபோது தோள்பட்டை இரண்டும் கல்லாகியிருந்தன. முன் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை மூன்று அங்குலம் உயரமாகத் தூக்கி அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பார்வைக்கு என்னவோ ராஜாதான்.

தூக்கிக் கொடுத்த கடையில், சக்கரக் கோணங்களை அளந்து எழுதிய அலைன்மென்ட் தாளைக் கையில் திணித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அந்தத் தாளில் விஷயம் முழுக்க இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. காஸ்டர், இடது 0.9 டிகிரி, வலது 1.4. இந்த இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்க மாட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. சாண்ட்லரில் சிப் தொழிற்சாலையில் வேலை. ஆனால் பொள்ளாச்சியில் அப்பாவின் தேங்காய் லாரிக்குக் கீழே படுத்துக் கிரீஸ் அடித்து வளர்ந்தவன், அதனால் வண்டிக்கடியில் போவதற்குக் கூச்சம் கிடையாது. இது டாகோமாவை வைத்து எழுதியது. முன்பக்கம் தனித்தனியாக ஆடும் சக்கரமும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள எந்த பிக்கப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள், நேர்க்குத்தாக நிற்காமல் பின்னால் சாய்ந்திருக்கும். கையை விட்டு ஓட்ட அந்தச் சாய்வும் உதவுகிறது. சக்கரம் தானே நேராக வந்து நிற்கும். காரில் அந்தச் சாய்வுதான் காஸ்டர். டிரக்கைத் தூக்கும்போது, சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மும் கீழ் ஆர்மும் கீழ்நோக்கித் திரும்பித் தொங்குகின்றன, அந்தக் கோணத்தில் காஸ்டர் குறைந்துவிடுகிறது. கீழ் ஆர்மில் இருக்கும் கேம் போல்ட்டுகளை, அதாவது ஆர்மை நகர்த்திக் கோணத்தைத் திருத்தும் போல்ட்டுகளை, திருப்பிக் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் அதே போல்ட்டுகள்தான் கேம்பரையும், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்வதையும், சரிசெய்ய வேண்டும். மூன்று அங்குலத்துக்கு இரண்டுக்கும் போதாது. தொழிற்சாலை மேல் ஆர்மை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் ஒரு டிகிரி சொச்சத்துக்கு மேல் வராது என்பதைத்தான் என் தாள் சொன்னது.

அதனால் வெளி நிறுவனங்கள் செய்து விற்கும் ஆஃப்டர்மார்க்கெட் மேல் கன்ட்ரோல் ஆர்ம் என்பது ஆடம்பரம் இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்கினால் ஷாக் அப்சார்பரோடு அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் ஒன்றரை அங்குலத்தோடு நில்லுங்கள். ஆர்மில் மிச்சம் பிடித்து உயரத்தில் செலவு செய்வது நான் செய்த தப்பு.

ஸ்பிரிங் வாங்கும் முன் எடைமேடை

உயரத்தை யோசிப்பதற்கு முன்னால் முன் அச்சில் எவ்வளவு எடை இருக்கிறது என்று தெரிய வேண்டும். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும், பெரிய லாரிகள் ஏறுவது. அதிகச் செலவில்லை. அச்சு அச்சாகப் பிரித்துச் சீட்டு தருவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, டேங்க் நிரம்பி, முன் அச்சு 2,440 பவுண்டு வந்தது. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் மாட்டிய பிறகு 2,700. மாட்டிய சாமான் 210 பவுண்டுதான், ஏறியது 260. கணக்குத் தப்பு இல்லை. இரண்டும் அச்சுக்கு முன்னால் தொங்குகின்றன, அதனால் சீசா பலகை மாதிரி பின் அச்சிலிருந்து கொஞ்சத்தைப் பிடுங்கி முன்னால் போடுகின்றன.

இந்த 260 பவுண்டுக்குத்தான் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஆர்பியின் ஓல்டு மேன் ஈமு மாதிரி நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு எடைக்குத் தக்கபடி பல ஸ்பிரிங் வைத்திருக்கின்றன. வெறும் வண்டிக்கு ஒன்று, பம்பர் போட்டதற்கு ஒன்று, வின்ச்சும் சேர்ந்தால் இன்னொன்று. பின்னாளில் பம்பர் போடுவோமே என்று கனத்த ஸ்பிரிங்கை இப்போதே வாங்காதீர்கள். வெறும் வண்டியில் அது மூக்கை வானத்துக்குத் தூக்கிவிடும், பல்லும் உதிரும். என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கி, இரண்டு வருடம் கழித்துப் பம்பரும் போடாமல் வண்டியையும் விற்றார்.

ஒரு சின்ன விஷயம். டாகோமா ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். டேங்க், பேட்டரி, நாம் என எல்லாம் அந்தப் பக்கம். தூக்கினால் இந்தச் சாய்வு இன்னும் கண்ணில் படும். இடது ஷாக்கின் மேலே கால் அங்குல ஸ்பேசர் ஒன்று வைத்தால் சக்கரத்தில் அரை அங்குலம் ஏறும். ஏன் இரட்டிப்பு என்றால், ஷாக் கன்ட்ரோல் ஆர்மின் நுனியில் இல்லை, நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. இதே கணக்கால்தான் கடைகளில் ஒன்றரை அங்குலத் தட்டை 'மூன்று அங்குல லிஃப்ட் கிட்' என்று விற்கிறார்கள்.

மூன்று வழி, மூன்று விலை

அந்தத் தட்டுதான் மலிவான வழி. ஷாக் அசெம்பிளியின் தலையில் வைத்து முடுக்குவது. என் முதல் கடை செய்தது இதைத்தான். இதில் ஷாக் அப்படியே நீளம் கூடிய மாதிரி ஆகிவிடுகிறது. சக்கரம் குழியில் தொங்கும்போது தொழிற்சாலை நினைத்ததைவிடக் கீழே போகிறது. ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும், சக்கரத்தைச் சுற்றும் ஆக்ஸிலும் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டுகின்றன. மேலே ஏறி அமுங்கும்போதோ, கீழ் ஆர்ம் ரப்பர் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடக்கூடும். அரிஸோனாவின் மோகோயான் ரிம் என்ற மலைவிளிம்பில் 300ஆம் எண் காட்டுச்சாலையில் ஒரு குழியில் இறங்கி 'டக்' என்று உலோகச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் காதில் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது வழி, பில்ஸ்டைன் 5100 மாதிரி ஷாக். உடம்பில் பல பள்ளங்கள் வெட்டியிருக்கும், ஸ்பிரிங் உட்காரும் தட்டை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அதற்கேற்ற உயரம். நல்ல பொருள், விலையும் நியாயம். ஆனால் பழைய ஸ்பிரிங்கையே மேல் பள்ளத்தில் இறுக்கி வைத்து உயரம் எடுத்தால், வண்டி ஏற்கெனவே ஷாக் முழுக்க நீளும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கீழே தொங்க இடமில்லை. ஒவ்வொரு வேகத்தடை தாண்டும்போதும் ஷாக் முழுக்க நீண்டு தட்டும். தட்டைக் கீழ்ப் பள்ளத்தில் வைத்து, உயரத்தை எடைக்குச் சரியான நீளமான ஸ்பிரிங்கிடம் விட்டுவிடுங்கள். நான் கடைசியில் நின்றது இங்கேதான். 5100, ஓல்டு மேன் ஈமு ஸ்பிரிங், மொத்தம் இரண்டரை அங்குலம்.

மூன்றாவது, ஃபாக்ஸ், கிங், ஐகான் வகை காயில்ஓவர்கள், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருபவை. உயரத்தை ஸ்பானரால் திருப்பலாம், தனி எண்ணெய்க் குடுவையோடும் வருகின்றன, வேகமாகப் பாலைவனத்தில் ஓடினாலும் சூட்டில் தளராது. அழகு. ஆனால் தேய்ந்தால் பிரித்துச் சீல் மாற்ற வேண்டும், அதற்கும் ஒரு பில் வரும். வாரநாளில் இன்டெல் வாசலில் நிற்கும் வண்டிக்கு இது தேவையா என்று என் மனைவி கேட்டாள். பதில் இருந்தது, சொல்லும் தைரியம் இல்லை.

நான்கு, ஆறு அங்குலம் என்று பிராக்கெட் வைத்துத் தூக்கும் கிட்டுகளும் உண்டு. அவை முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்ம்களையும் சேர்த்து இறக்கி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையே மாற்றுகின்றன. ஃபிரேமின் குறுக்குத்துண்டை அறுக்க வேண்டியதும் வரும். 35 அங்குல டயர் கனவு இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மேல் ஆர்ம்: பால் ஜாயின்ட்டா, யூனிபாலா

மேல் ஆர்ம் வாங்கும்போது நுனியில் இருப்பதைப் பாருங்கள். யூனிபால் என்றால் திறந்த உலோக உருண்டை, உள்ளே டெஃப்லான் பூச்சு. அதிகக் கோணம் தாங்கும். ஆனால் மண்ணும் உப்பும் நேரே அதில் ஏறும். சில மாதங்களிலேயே கடகடக்க ஆரம்பித்தவர்களையும் தெரியும். ரப்பர் உறைக்குள் சீல் ஆன பால் ஜாயின்ட் அமைதி. பனியில் உப்பு தெளிக்கும் ஓஹாயோ, மிச்சிகன்காரர்கள் யோசிக்காமல் சீல் ஆனதை வாங்குங்கள். எங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் உப்பு இல்லை, ஆனால் மாவு மாதிரிப் புழுதி உண்டு, எனக்கும் சீல் ஆனதுதான்.

நான் போட்டது எஸ்பிசி. இதில் பால் ஜாயின்ட் உட்காரும் இடமே நகரும், காஸ்டரையும் கேம்பரையும் மேலேயிருந்தும் திருத்தலாம். மற்ற பல ஆர்ம்கள் குறிப்பிட்ட காஸ்டரை வடிவத்திலேயே கட்டி வருகின்றன. அதுவும் சரிதான், நகரும் பாகம் ஒன்று குறைவு. இரண்டில் எதுவானாலும் புஷ்ஷுக்குக் கிரீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியில் மாட்டிய பிறகு கிரீஸ் கன் நுழையாத நிப்பிள் இருந்தும் பயனில்லை.

புது ஆர்மோடு அலைன்மென்ட் தாள் இப்படி வந்தது. காஸ்டர் இடது 3.6, வலது 3.8. இந்த 0.2 வித்தியாசம் தற்செயல் இல்லை. காஸ்டர் குறைவான பக்கம் வண்டி லேசாக இழுக்கும், இங்கே சாலை மழைநீர் வடிய வலப்பக்கம் சரிந்திருக்கும், ஒன்றை ஒன்று ஈடுகட்டட்டும் என்று அந்த அலைன்மென்ட்காரர் வைத்தது. வயதானவர், மெக்சிகோக்காரர். அவர் கேட்ட முதல் கேள்வியே என்ன டயர் போடப் போகிறாய் என்பதுதான்.

காரணம் இருக்கிறது. மேல் ஆர்மால் மட்டும் காஸ்டர் ஏற்றினால் சக்கரத்தின் மேல்பாகம் பின்னால் போகும். பெரிய டயர் அங்கே கேபின் ஃபிரேமில் உட்காரும் மவுன்ட்டில் உரசும். கீழ் கேம் போல்ட்டால் ஏற்றினால் சக்கரத்தின் அடிப்பாகம் முன்னால் வரும், இடம் கிடைக்கும். அதனால் கடைக்காரரிடம் காஸ்டர் மூன்றுக்கு மேல் வேண்டும், முடிந்தவரை கீழிருந்து எடுங்கள் என்று சொல்லியே வண்டியை விடுங்கள். 17 அங்குல ரிம்மில் 265/70 டயர், அதாவது 31.6 அங்குல உயரம், எனக்கு எங்கும் உரசவில்லை. 285/70 என்றால் 32.7, அப்போது அந்த மவுன்ட்டை வெட்டி வெல்ட் அடிக்கிற வேலை பெரும்பாலும் வரும்.

ஸ்டியரிங் பக்கம் அடக்கி வாசியுங்கள்

ஸ்டியரிங் அப்கிரேட் என்று தேடினால் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடுகள் பளபளவென்று வரிசையாக வரும். வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். முன்பக்கம் ஜாக் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் டை ராட். மேலும் கீழும் பிடித்து ஆட்டித் தளர்வு தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். அப்புறம் சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் கீழே பாருங்கள். டை ராடுகளைத் தள்ளும் ஸ்டியரிங் ரேக் ஃபிரேமில் நகர்ந்தால் அதன் புஷ் போய்விட்டது. ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடுவது சொற்பச் செலவு, வித்தியாசம் கையில் தெரியும். நான் செய்த வேலைகளில் காசுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான்.

கீழ் பால் ஜாயின்ட்டில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பழைய டாகோமாக்களின் அந்தப் பாகத்துக்காக 2005இல் டொயோட்டாவே ரீகால் செய்ய வேண்டி வந்தது. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஒரிஜினல் பாகம் வாங்குங்கள்.

கனமான டை ராட் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாறையில் சக்கரம் சிக்கினால் எதோ ஒன்று வளைய வேண்டும். டை ராட் வளைந்தால் டிரெயிலிலேயே மாற்றலாம், பையில் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். அதைப் பலப்படுத்தினால் அடுத்து உடைவது ரேக். அதன் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரிம்மிலும் கவனம் வேண்டும். டயர் வெளியே துருத்தி நிற்கும் ரிம் போட்டால் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கை நெம்புகோல் போட்டுத் திருப்பும்.

டாலஸில் மச்சினன் 2006 சில்வராடோ 2500 வைத்திருக்கிறான். அதன் கதை வேறு. காயில் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. அதைச் சரிசெய்யும் போல்ட்டை முடுக்கினால் வண்டி ஏறும், காசே செலவில்லை. ஏற்றிவிட்டு, "மாமா, வண்டி நல்லாத்தான் இருக்கு, ஸ்டியரிங்தான் கொஞ்சம் யோசிச்சுத் திரும்புது" என்றான். அந்த வண்டியில் ரேக் இல்லை. அதற்குப் பதில் பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் என்று பக்கத்துக்கு ஒரு கை, நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு சென்டர் லிங்க். உயரம் கூடி டை ராட் கோணம் ஏறியதும் சென்டர் லிங்க் தன் அச்சில் உருள ஆரம்பிக்கிறது, இரண்டு ஆர்மும் தேய்கின்றன. அதில் மட்டும் பிட்மேன், ஐட்லர் சப்போர்ட் கிட்டும் டை ராடைச் சுற்றிப் போடும் ஸ்லீவும் நல்ல செலவு. தேய்ந்த ஐட்லரை முதலில் மாற்று, அப்புறம் சப்போர்ட் போடு என்று சொன்னேன். ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் வாங்கப் போனவனை அப்படித்தான் தடுத்தேன். டேம்பர் தளர்வை மறைக்கும், தீர்க்காது.

ஆக்ஸிலும் மாட்டும் நாளும்

டாகோமாவின் முன் ஹப்பைக் கழற்றிவிடும் வசதி இல்லை. நீங்கள் நான்கு சக்கர டிரைவைத் தொடாவிட்டாலும் முன் சக்கரத்தைச் சுற்றும் சிவி ஆக்ஸில் சக்கரத்தோடு எப்போதும் சுற்றுகிறது. தூக்கிய கோணத்தில் அதன் உள்பக்க ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, கிரீஸ் கசியும். மூன்று அங்குலத்தில் என் வண்டிக்கு எட்டு மாதத்தில் கசிந்தது. சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகத் தெறித்திருந்ததை வண்டி கழுவும்போதுதான் பார்த்தேன். இரண்டரைக்கு இறக்கிய பிறகு கசியவில்லை. டிஃபரன்ஷியலின் முன்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கும் 'டிஃப் டிராப்' துண்டுகள் விற்கிறார்கள். அது டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் குனிய வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டரைக்கு நான் போடவில்லை.

ஆர்டர் போடும் முன், துருப்பிடிக்கும் ஊர்க்காரர்கள் ஒன்று செய்யுங்கள். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகளில் நட்டைத் தளர்த்தி, தலை திரும்புகிறதா பாருங்கள். உள்ளே ஸ்லீவோடு துரு ஒட்டியிருந்தால் எந்த ஆர்ம் போட்டும் அலைன்மென்ட் வராது. அறுத்தெடுத்துப் புது புஷ் போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாட்டுவதற்கு எனக்கும் ஒரு நண்பருக்கும் ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. ஸ்பிரிங்கை நீங்களே அமுக்காதீர்கள். ஆட்டோ பாகக் கடைகளில் டெபாசிட் கட்டினால் கம்ப்ரசரை இரவல் தருவார்கள், அதில் அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் மண்டை போகும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே சேர்த்துக் கட்டியதாக வாங்குங்கள், அல்லது கடையில் கொடுத்துச் சேர்த்து வாங்குங்கள். வண்டியில் கழற்றும்போது ஷாக்கின் நடு நட்டைத் தொடவே வேண்டாம், சுற்றியிருக்கும் மூன்றுதான் உங்களுடையவை.

மேல் ஆர்மைப் பிடித்திருக்கும் ஒற்றை நீளப் போல்ட் வெளியே வரும்போது ஃபெண்டரின் உள்தகட்டில் முட்டும். என்னடா இது என்று ஒரு மணி நேரம் விழித்தோம். அந்தத் தகட்டின் ஓரத்தைக் குறடால் கொஞ்சம் வளைத்தால் வந்துவிடும், பிறகு திருப்பி நிமிர்த்திப் பெயின்ட் தொட்டுவிடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு முடுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கியே நின்று சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவுகளைத் தொழிற்சாலைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் நட்டுக்கு 83 அடி-பவுண்டு.

எல்லாம் முடிந்ததும் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பும்போது இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள். தூக்கிய வண்டி எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். அப்புறம் பெயின்ட் பேனாவால் ஒவ்வொரு நட்டுக்கும் ஃபிரேமுக்கும் குறுக்கே ஒரு கோடு. ஐந்நூறு மைல் ஓடிய பிறகு டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன், இடது கீழ் ஆர்மின் பின்பக்கக் கேம் போல்ட்டில் மட்டும் கோடு ஒரு நூலளவு விலகியிருந்தது. இறுக்கிவிட்டு, மறுநாளே மறுபடி அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோனேன்.